அறுபது ஆண்டுகள் ஒடுங்கிக் கிடந்த கொப்புளிப்பான்

கொட்டாஞ்சேனையில் நான் நோயாளர் பார்க்கும் சிறிய அறைக்குக் கடந்த ஆண்டு ஓர் அம்மா வந்தார். வலப்பக்க விலாவில் தீப்பட்டாற்போல் எரிகிறது, சட்டை உரசினாலே தாங்க முடியவில்லை என்றார். தோலில் எதுவும் தென்படவில்லை. தசைப்பிடிப்பு என்றெண்ணி நோவு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டேன்.

ஒரு வாரத்தின் பின் வந்தபோது, முள்ளந்தண்டருகே தொடங்கிய நீர்க்கொப்புளங்கள் விலாவைச் சுற்றி வந்து, நெஞ்சின் நடுவில் கோடு கிழித்தாற்போல் நின்றிருந்தன. அக்கி. வேர்க்குரு என்று நினைத்து நான்கு நாட்களாக வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசியிருந்தார். முன்பு வந்த கொப்புளிப்பானின் (சின்னம்மையின்) வைரஸே மீண்டும் எழுந்து அக்கியாகிறது என்றேன். "எனக்குக் கொப்புளிப்பான் வந்து அறுபது வருசமாச்சு, மகள். இவ்வளவு காலமும் அது எங்கே இருந்தது?" என்று கேட்டார்.

பொருக்கு உதிர்ந்து தலைக்கு வார்த்ததும் கொப்புளிப்பான் போய்விட்டதாகவே நாம் கருதுகிறோம். ஆனால் மூச்சுக்காற்றோடு புகுந்து, 10 முதல் 21 நாட்களில் உடலெங்கும் கொப்புளங்களை எழுப்பிய அந்த வைரஸ், உணர்நரம்புகள் வழியே முள்ளந்தண்டை அண்டிய நரம்புத்திரட்டுகளை அடைந்து அங்கேயே ஒடுங்கிக் கிடக்கிறது. முதுமையாலோ, புற்றுநோய்ச் சிகிச்சையாலோ எதிர்ப்புச் சக்தி தளரும்போது, ஏதோவொரு திரட்டில் மீண்டும் பெருகி, அந்த நரம்பின் வழியே தோலுக்கு வருகிறது. ஒரு நரம்புக்குரிய பகுதியில் மட்டும் எழுவதால் அது ஒருபக்கப் பட்டையாகிறது. நரம்பே முதலில் அழற்சியுறுவதால் கொப்புளத்துக்கு முன்பே எரிவு வந்துவிடுகிறது. அந்த எரிவைத்தான் நான் தசைப்பிடிப்பு என்றேன். 1965இல் இந்த விளக்கத்தை முன்வைத்த எட்கர் ஹோப்-சிம்ப்சன், இங்கிலாந்தின் சிறுநகரொன்றில் தம் நோயாளர்களைப் பல்லாண்டு கவனித்துவந்த குடும்ப வைத்தியர் என்பதை அன்றிரவு நெடுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த வைரஸ் பெருகுவதைத் தடுக்கும் அசைக்ளோவிர் என்ற மருந்தைக் கொப்புளம் எழுந்த 72 மணித்தியாலங்களுக்குள் தொடங்குவதே சிறந்தது. புதிய கொப்புளங்கள் இன்னும் எழுந்துகொண்டிருந்ததால் அதைக் கொடுத்தேன். வீட்டில் கர்ப்பிணியான மருமகள் இருப்பதாகச் சொன்னார். கொப்புள நீர் பட்டால், கொப்புளிப்பான் வந்திராத ஒருவருக்கு அக்கி அன்று, கொப்புளிப்பானே தொற்றும் என்பதால், பொருக்குக் கட்டும்வரை அந்த இடத்தை மூடிவைக்கச் சொன்னேன். கொப்புளங்கள் ஆறின. எரிவோ ஐந்து மாதங்கள் அவரை உறங்கவிடவில்லை.

இப்போது ஒருபக்க எரிவோடு வருபவரிடம், சிறுவயதில் கொப்புளிப்பான் வந்ததா என்று கேட்கிறேன். ஒரு கொப்புளம் தெரிந்தாலும் அன்றைக்கே வாருங்கள், வரிசையில் நிற்க வேண்டாம் என்று சொல்லித்தான் அனுப்புகிறேன்.