சுமை இறக்கிய பிறகும் ஓயாத எண்ணிக்கை

இயக்கத்தில் இருந்தபோது முல்லைத்தீவின் முத்தையன்கட்டுப் பக்கக் காட்டுக்குள் பொதியோடு இரவிரவாக நடந்த காலத்தைக் கேட்பவர்கள் முதலில் முழங்காலையும் முதுகையும்தான் விசாரிப்பார்கள். அவையும் நொந்தவைதான். எனக்கு விடாமல் கூடவே வந்தது வேறொன்று.

முதல் ஒரு மணித்தியாலம் கதை, பகிடி எல்லாம் இருக்கும். பிறகு ஒருவரும் வாய் திறக்க மாட்டோம். முன்னால் போகிறவளின் சப்பாத்துக் குதி மட்டும்தான் கண்ணில் நிற்கும். பாலை மரமும் தெரியாது, குளக்கட்டும் தெரியாது. கால் வைப்பதை எண்ணத் தொடங்குவேன். நூறு வந்ததும் மறுபடி ஒன்று. வார் அழுத்தி விரல்கள் விறைத்துப்போகும். கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்பு அமத்தப்படுவதால்தான் அப்படி என்று கனகாலம் கழித்து ஒரு டொக்டர் சொன்னார். அந்த நேரம் கையே போய்விட்டது என்றுதான் நினைப்போம். யாராவது விழுந்தால் இரக்கத்துக்கு முன் எரிச்சல் வரும், இவளின் பொதியும் இனி நமக்கா என்று.

உடல் நிறையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது படைகளில் பழைய கணக்காம். யார் பார்த்தார்கள்? 2003இல் ஆப்கானிஸ்தானில் அமெரிக்கக் காலாட்படையினரின் சுமையை நிறுத்துப் பார்த்தபோது நீண்ட நடைக்கான சுமை சராசரியாக 45 கிலோவுக்குக் கிட்ட வந்தது. என் அப்போதைய நிறையே அவ்வளவு வராது.

2009இல் சண்டை முடிந்த பிறகு முகாம், புனர்வாழ்வு, கலியாணம் என்று காலம் போனது. ஒருநாள் பஸ் வராததால் சங்கக்கடை அரிசி மூட்டையைத் தோளில் வைத்துக் கிரவல் வீதியால் வந்தேன். மகள் பின்னால் கத்திக் கத்திக் கூப்பிட்டாளாம். எனக்குக் கேட்கவேயில்லை, நான் எண்ணிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் விடாப்பிடியாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

மனநலப் பிரிவுக்குப் போனால் விசர் என்று ஊர் கதைக்கும். கதைக்கட்டும். உளவளத்துணை அக்கா சண்டையைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. நித்திரை வருகிறதா, எந்த நேரம் எண்ணத் தொடங்குகிறேன், அவ்வளவுதான். வாக்குமூலம் எடுப்பார்களோ என்று போன எனக்கு அதிலேயே பாதிப் பயம் தெளிந்தது. "பிள்ளை, ஏலாத நேரத்தில அதுதான் உங்களை நடக்க வைச்சது. இப்ப அது தேவையில்லை" என்றார்.

கிணற்றிலிருந்து வாளியோடு வரும்போது எண்ணாமல், கண்ணில் படுவதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: வேலி, பூவரசு, கோழி. மூச்சை மெதுவாக விட வேண்டும். பாதி வழியில் வாளியை இறக்கி வைக்க வேண்டும். இந்த இறக்குவதுதான் பெரிய பாடு. இறக்கினால் திரும்பத் தூக்க ஏலாது என்ற பயம் அவ்வளவு ஊறியிருந்தது. தண்ணீர் வாளிக்கே கை நடுங்கும். நித்திரைக்குக் கொஞ்சக்காலம் குளிசையும் தந்தார்கள். இடையில் ஆள் மாறி, புதியவரிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டி வந்ததுதான் எனக்குக் கோபம்.

எண்ணிக்கை இன்னும் சில நேரம் வரும், ஆனால் நூறுவரை போகாது. அரிசியைச் சைக்கிளில் வைத்து உருட்டிக்கொண்டு வருகிறேன். இப்படி யாருக்கும் இருந்தால் கிளினிக் நாளை விசாரித்துக்கொண்டு காலமை வெள்ளெனப் போங்கள். பிந்தினால் வாங்கில் இடம் கிடைக்காது.