மே 21 இரவு: நினைவைக் கேட்டுப் பதிகிற வேலை

"ராஜீவ் காந்தி இறந்த அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?" என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டால், பல வருஷமாகச் சொல்லிச் சொல்லி வழவழப்பான கதை ஒன்றுதான் கிடைக்கும். அதனால்தான் வாய்மொழி வரலாறு பதிகிறவர்கள் அந்தக் கேள்வியைத் தள்ளிப் போடுகிறோம். 1991 மே மாதம் எந்த வீட்டில் குடியிருந்தீர்கள், அக்னி வெயிலில் ராத்திரி எங்கே படுப்பீர்கள், ரேடியோ எந்த அறையில் இருந்தது, காலையில் பால் வாங்கப் போவது யார் என்று சுற்றி வரவேண்டும். மொட்டை மாடியும் பாயும் அவர் கண்முன் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பிறகு, "யாரும்மா வந்து சொன்னாங்க? என்னன்னு சொன்னாங்க?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். "டிவியில பார்த்தீங்களா?" என்று நாமே எடுத்துக் கொடுத்தால், பார்க்காதவருக்கும் பார்த்தது போலத் தோன்றிவிடும்.

போவதற்கு முன் ஒரு தாளில் அந்த நாளை நேரவாரியாக எழுதிக்கொள்வது அவசியம். அன்று செவ்வாய்க்கிழமை. ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்தது இரவு 10.20 வாக்கில். ஆகவே ஊர்ப்புறங்களில் பலருக்கு விடிந்த பிறகுதான் தெரிந்திருக்கும். சன் டிவி தொடங்கியது 1993இல்; அன்றைக்கு இருந்தது தூர்தர்ஷன்தான். கையில் பூமாலையோடு நிற்கும் கொலையாளிப் பெண்ணின் படம் பத்திரிகையில் வந்ததும் சில நாள் கழித்துத்தான். "பள்ளிக்கூடத்துல பெல் அடிச்சு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க" என்று ஒருவர் சொன்னால், மே மாதம் கோடை விடுமுறை என்பது உறைக்க வேண்டும். அநேகமாக அவர் சொல்வது 1984 அக்டோபர் 31, இந்திரா காந்தி சுடப்பட்ட புதன்கிழமையை. அம்மாவும் மகனும் கொல்லப்பட்ட இரண்டு நாட்களும் ஒன்றோடொன்று கலந்துபோவது சகஜம்.

அந்த இடத்தில் திருத்தக் கூடாது. ஓரத்தில் குறித்துக்கொண்டால் போதும். திருத்தினால் அடுத்த வாக்கியத்திலிருந்து அவர் நம் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசத் தொடங்கிவிடுவார். அவர் பொய் சொல்லவில்லை. 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் காலையே, அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக மாணவர்களிடம் செய்தியை எங்கே, எப்படிக் கேட்டார்கள் என்று எழுதி வாங்கினார் உளவியலாளர் உல்ரிக் நைசர். ஏறத்தாழ இரண்டரை ஆண்டு கழித்து அவர்களில் 44 பேரிடம் மறுபடி கேட்டபோது, 11 பேர் சொன்னதில் எதுவுமே பழைய தாளோடு ஒத்துப்போகவில்லை. ஆனாலும் உறுதியாகத்தான் சொன்னார்கள். உறுதியான குரலை மட்டும் நம்பிப் பதிவை முடிக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

கணவன் மனைவியைச் சேர்த்து உட்கார வைக்காதீர்கள். ஒருவர் நினைவு மற்றவருக்கு ஒட்டிக்கொள்ளும். ஃபேனை நிறுத்த வேண்டும், புழுங்கினாலும் வேறு வழியில்லை. ஃபேன் இரைச்சலில் கரைந்த மெல்லிய சொற்களைப் பிறகு மீட்க முடியாது. ரெக்கார்டரை மேசைப் பலகைமேல் நேராக வைத்தால் டம்ளர் வைக்கும் சத்தம்கூட இடி போல விழும். மடித்த துண்டின்மேல், வாயிலிருந்து ஒரு முழத்துக்குள் வைக்கலாம். ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்க ஐந்தாறு மணி நேரமாவது பிடிக்கும். பேச்சுவழக்கைச் செந்தமிழாக்காமல் அப்படியே எழுதுங்கள்.

இலங்கை அகதி முகாம்களில் இருந்தவர்களுக்கு இந்த முறை பொருந்தாது. அவர்களுக்கு மே 21 ஓர் இரவோடு முடிந்த விஷயமல்ல. மறுநாளிலிருந்து தொடங்கிய சந்தேகப் பார்வை, விசாரணை, 1992 ஜனவரியில் தொடங்கிய திருப்பி அனுப்பல் எல்லாம் அதன் பின்னால் வருகின்றன. எங்கே இருந்தீர்கள் என்ற கேள்வியே அவர்கள் காதில் போலீஸ்காரர் குரலாக விழலாம். முதல் சந்திப்பில் ரெக்கார்டரைப் பையைவிட்டே எடுக்க வேண்டாம். ஒலிக்கோப்பின் பெயரில் ஆள் பெயரோ முகாம் பெயரோ வராமல் எண் மட்டும் கொடுத்து, பெயர்ப் பட்டியலைத் தனியாகப் பூட்டி வைக்க வேண்டும். எழுதியதை அவர்களிடம் படித்துக் காட்டி, எடுக்கச் சொன்னதை எடுத்த பிறகே ஆவணத்தில் சேர்க்க வேண்டும்.