பலகையில் நின்று தூண்டில் போடுவது

கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா துறைமுகத்தில் கயாக் வைத்திருப்பவர்கள் என்னிடம் அடிக்கடி ஒன்று கேட்பார்கள்: வசதியாக உட்கார்ந்து மீன் பிடிக்கலாமே, ஏன் துடுப்பு போட்டு ஓட்டும் இந்த மிதவைப் பலகையில் நின்று சிரமப்படுகிறாய்? கண் இருக்கும் உயரத்துக்காக என்பதுதான் என் பதில். உட்கார்ந்தால் நீரின் பளபளப்புதான் தெரிகிறது. அந்தப் பளபளப்பை மறைக்கும் போலரைஸ்டு கண்ணாடி அணிந்து நின்றால், தண்ணீர் தெளிந்த நாளில், கெல்ப் எனும் நெடிய கடற்பாசியின் தண்டுகளுக்கு நடுவே மீன் உடலைத் திருப்புவது வரை பார்க்கலாம்.

விடியற்காலையில் துறைமுக வாயிலில்தான் தொடங்குவேன். 1920களின் இறுதியில் கட்டத் தொடங்கிய அலைத்தடுப்புச் சுவர், மேற்கிலிருந்து கரையோரமாக நகர்ந்து வரும் மணலை மறித்தது. லெட்பெட்டர் கடற்கரை அப்படி அகன்றதுதான். மிஞ்சிய மணல் சுவரைச் சுற்றி வந்து வாயிலில் திட்டாகப் படிகிறது. அதை அடிக்கடி தூர்வார வேண்டியிருக்கிறது. படகோட்டிகளுக்குத் தொல்லை தரும் அந்த மணல்தான் ஹாலிபட் மீனுக்குப் படுக்கை. நம் எருமை நாக்கு மீனைப் போலத் தட்டையான உடலை மணலுக்குள் புதைத்து, கண்களை மட்டும் வெளியே நீட்டி, நெத்திலிக் கூட்டம் வரும்வரை அசையாமல் கிடக்கும். படகு வழியை வேகமாகக் கடந்துவிட்டு, திட்டின் சரிவில் ஈயத்தலை வைத்த ரப்பர் மீனைத் தரை தொட்டுத் தொட்டு இழுப்பேன். 22 அங்குலத்துக்குக் குறைந்தால் திருப்பி விட்டுவிட வேண்டும்.

பிறகு மேற்கே, மேசா குன்றுகளுக்கு முன்னால் இருக்கும் கெல்ப் காட்டுக்கு. இந்தக் கரை தெற்கு நோக்கியது என்பதால், காலையில் மேற்கே துடுப்பு போடும்போது சூரியன் முதுகுப் பக்கம் இருக்கிறது. நீருக்குள் நன்றாகப் பார்க்க முடிகிறது. பிற்பகலில் எழும் மேற்குக் காற்று துறைமுகத்தை நோக்கியே தள்ளிவிடும்.

ராட்சத கெல்ப் பாறையைப் பற்றிக்கொண்டு வளர்கிறது. நல்ல காலத்தில் ஒரே நாளில் அரை மீட்டர் கூட நீளும். காற்றுப் பைகள் இலைகளைத் தூக்கிப் பிடிக்க, மேலே ஒரு பழுப்புக் கூரை விரிகிறது. நான் முதலில் பார்ப்பது தண்டுகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்பதைத்தான். நீரோட்டம் போகும் திசை அதில் தெரிந்துவிடும். கேலிகோ பாஸ் என்ற மீன் பெரும்பாலும் ஓட்டத்தை எதிர்கொண்டு, கூரையின் விளிம்பு நிழலில் நிற்கும். தூண்டில் முள் ரப்பர் மீனுக்குள் மறைந்திருக்கும்படி கோத்து, இலை மேலேயே போட்டு, மெல்ல விளிம்பிலிருந்து நழுவ விடுவேன். கடித்த கணமே அது காட்டுக்குள் பாயும். பலகையில் கால் ஊன்ற இடமில்லை. சட்டென மண்டியிட்டு, முதல் இழுப்பிலேயே மீனின் தலையைத் திருப்பிவிட வேண்டும். தண்டில் சுற்றிக்கொண்டால் தங்கூசியைத் தளர்த்திவிட்டுப் பொறுத்திருப்பேன். சில வேளை மீன் தானாகவே வெளியே வந்துவிடும்.

பலகைக்கு நங்கூரம் வேண்டாம். ஒரு கெல்ப் தண்டை இழுத்துப் பலகையின் குறுக்கே போட்டால் போதும், அங்கேயே நிற்கும். அடியில் இருக்கும் துடுப்புத்தகடு மட்டும் குட்டையாகவும் பின்பக்கம் சாய்ந்தும் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஓடுகிற பலகை இலையில் மாட்டித் திடீரென நின்று, நம்மை முன்னால் தூக்கியெறியும். உயிர்காப்புச் சட்டையை ஒருபோதும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். அலை உடையும் இடத்தையும் நீச்சல் பகுதியையும் தாண்டினால் இந்தப் பலகையும் படகைப் போல ஒரு கலம்தான் என்று அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2008இலேயே முடிவு செய்துவிட்டது.

கேலிகோ 30 வயதுக்கு மேலும் வாழக்கூடிய மீன், மிக மெதுவாக வளர்வது. 2013இல் குறைந்தபட்ச அளவை 12 அங்குலத்திலிருந்து 14 ஆக உயர்த்தி, ஒரு நாளைக்குப் பத்து என்றிருந்ததை ஐந்தாகக் குறைத்தார்கள். மிகச் சரியான முடிவு. என் பலகையின் மேல் அளவுக் கோடுகள் வரைந்திருக்கிறேன். கையை நனைத்துக்கொண்டு, மீனை அதில் கிடத்தி அளந்து, உடனே நீரில் விடுவேன். சட்டம் அனுமதிக்கும் பெரிய மீனையும் விட்டுவிடுகிறேன். அத்தனை ஆண்டுகள் அந்தப் பாறையில் வாழ்ந்த மீனைக் கொண்டுபோக எனக்கு மனம் வருவதில்லை. குழம்புக்கு ஹாலிபட் போதும். சதை கெட்டியாக இருக்கும், புளியில் கொதித்தாலும் எளிதில் உதிராது.