தலையில் 40, காலடியில் 35

கோயம்புத்தூர் பீளமேட்டில் எங்கள் பட்டறைக்குப் பின்புறம், சோதனைக்கென்றே ஒரு குளியலறை கட்டினோம். அங்கே என் முதல் வேலை வெப்பம் அளப்பதுதான். ஷவரைத் திறந்துவிட்டு, தலை இருக்கும் உயரத்தில் ஒரு தடவை, தரையில் தண்ணீர் வடியும் நஹானி ட்ராப்பின் வாயில் ஒரு தடவை பார்த்தேன். மேலே 40 டிகிரி, கீழே 35. ஒரு வாரம் வெவ்வேறு ஆட்கள் குளித்தபோதும் பார்த்தேன். ஒரு டிகிரி முன்னே பின்னே இருந்தது, அவ்வளவுதான். அவ்வளவு மின்சாரம் செலவழித்துச் சுடவைத்த தண்ணீர், ஆள் உயரம் விழுந்து, உடம்பை ஒரு நொடி தொட்டு, வெறும் 5 டிகிரியை இழந்துவிட்டுச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது.

நான் ஏழு வருடம் பம்ப் டிசைன் பார்த்தவன். ஒரு லிட்டர் தண்ணீரை மேலே ஏற்ற எவ்வளவு செலவாகும் என்பது எனக்கு மனப்பாடம். அதே ஒரு லிட்டரைச் சூடாக்க எவ்வளவு ஆகும் என்று அதுவரை யோசித்ததே இல்லை. அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நிமிடத்துக்கு 8 லிட்டர் வீதம் 8 நிமிடம் குளித்தால் 64 லிட்டர். மார்கழியில் எங்கள் மேல்தொட்டித் தண்ணீர் 22 டிகிரி. அதை 40க்குக் கொண்டுவர 1.3 யூனிட் மின்சாரம் வேண்டும். அதுவும் தண்ணீர் விழ விழ உடனுக்குடன் சூடாக்க வேண்டுமென்றால் 10 கிலோவாட் கீசர் தேவை. சாதாரண சிங்கிள் ஃபேஸ் வீடு அதைத் தாங்காது. ஆனால் கீழே விழுந்த 35 டிகிரி நீரையே எடுத்து, சுத்தம் செய்து, மறுபடி 40க்கு ஏற்றினால் 3 கிலோவாட்டுக்கும் குறைவுதான். கடையில் கிடைக்கும் சின்ன இன்ஸ்டன்ட் கீசரே போதும். தண்ணீர் மிச்சம் பிடிக்கப் போய் மின்சாரமும் மிச்சமாகும் என்பது அந்தத் தாளில்தான் எனக்குப் புரிந்தது.

யோசனை எங்களுடையது அல்ல. ஸ்வீடனில் மால்மோவைச் சேர்ந்த ஆர்பிட்டல் சிஸ்டம்ஸ் 2012ல் தொடங்கி இப்படிச் சுழலும் ஷவரைச் செய்து காட்டியிருந்தது. 90 சதவீதம் வரை தண்ணீர் மிச்சம் என்பது அவர்கள் கணக்கு. பைப்பில் வரும் தண்ணீரே விரலைக் கடிக்கும் ஊர் அது. ஒவ்வொரு லிட்டரையும் 30 டிகிரி போல ஏற்றியாக வேண்டும். நம் ஊர்த் தண்ணீருக்கும், நம் ஊர் பட்ஜெட்டுக்கும் இதைச் செய்ய முடியுமா என்பதுதான் எங்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை. மூன்று பேர், ஒன்றரை வருடம்.

தண்ணீர் சுற்றிவரும் பாதை எளிமையானது. காலடியில் ஒரு தட்டுத் தொட்டி. அதிலிருந்து முடியைப் பிடிக்கும் வலை, நுண்ணிய ஃபில்டர், யுவி (புற ஊதா ஒளி) விளக்கு, சின்ன பம்ப், கீசர், பிறகு ஷவர். மொத்தப் பாதையிலும் 6 லிட்டர்தான் இருக்கும். குளித்து முடித்ததும் அந்த 6 லிட்டரும் முழுக்க வடிந்துவிட வேண்டும் என்பதில் மட்டும் நாங்கள் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. வெதுவெதுப்பான நீர் குழாயில் தேங்கினால் லெஜியோனெல்லா மாதிரி கிருமிகள் அதில் சுகமாக வளரும். ஷவரின் துளிகள் வழியாக அது நேரே நுரையீரலுக்குப் போகும். வாரம் ஒருமுறை 65 டிகிரி நீரைச் சுற்றவிட்டுக் குழாயைக் கழுவவும் ஏற்பாடு செய்தோம். மின்சாரம் பற்றிய பயம் இன்னொரு பக்கம். நனைந்த ஆள் நிற்கும் இடத்துக்கு ஒரு சாண் கீழே பம்ப் ஓடுகிறது. பம்பை 24 வோல்ட்டில் வைத்தோம். கீசருக்கு, மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி, ஒழுங்கான எர்த் இரண்டும் இல்லாத வீட்டில் மாட்டவே கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டோம்.

யுவி விளக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது தண்ணீரில் கலந்த எதையும் எடுக்காது. கிருமியின் மரபணுவைச் சிதைத்து, பெருக முடியாமல் ஆக்கும், அவ்வளவுதான். அதற்கும் ஒளி ஊடுருவ வேண்டும். கலங்கிய நீரில் ஒவ்வொரு அழுக்குத் துகளுக்குப் பின்னாலும் ஒரு நிழல், அந்த நிழலில் கிருமி பிழைத்துக்கொள்ளும். தவிர, விளக்கு முழு வலுவுக்கு வர ஓரிரு நிமிடம் ஆகும். ஆகவே முதலில் உடம்பை நனைக்கும் தண்ணீரையும், சோப்பு நுரை வழியும் தண்ணீரையும் மறுபடி சுற்றவே விடக் கூடாது, நேரே வடிகாலுக்கு அனுப்பிவிட வேண்டும். எது நுரைத் தண்ணீர், எது தெளிந்த தண்ணீர் என்று தெரிந்துகொள்ள ஒரு சென்சார் வைத்தோம். நீரில் கரைந்திருப்பது கூடினால் அதில் மின்சாரம் பாய்வதும் கூடும். அந்த அளவு ஒரு எல்லையைத் தாண்டினால் வால்வு திறந்து நீரை வெளியேற்றும், தாண்டாவிட்டால் சுற்றவிடும்.

சிறுவாணித் தண்ணீரில் இது அழகாக வேலை செய்தது. பட்டறை ஆட்கள் நாற்பது பேர் மாறி மாறிக் குளித்தார்கள். மின்சாரச் செலவு கிட்டத்தட்ட பாதியானது. 64 லிட்டர் ஆகும் இடத்தில் 15 லிட்டர் ஆனது. நாங்கள் ரொம்பவே சந்தோஷமாக இருந்தோம்.

2019 ஜூன் கடைசியில், சோதனைக்காக முதல் இயந்திரத்தைச் சென்னை மடிப்பாக்கத்தில் ஒரு அடுக்ககத்தில் மாட்டினோம். தண்ணீர் இல்லாத ஊரில் அல்லவா இதைச் சோதிக்க வேண்டும் என்று நானே கேட்டு வாங்கிய இடம் அது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரியும் வற்றிக் கிடந்த நேரம். தெருவில் வண்ண வண்ண பிளாஸ்டிக் குடங்கள் ராத்திரியிலிருந்தே வரிசையில் நின்றன. அந்த அடுக்ககத்தில் போர் பாதி வற்றி, லாரித் தண்ணீரும் போர்த் தண்ணீரும் ஒரே சம்ப்பில் கலந்து, காலையில் முக்கால் மணி நேரம் மட்டும் மேலே ஏறும். வீட்டில் இருந்தது ஓய்வுபெற்ற வங்கி ஊழியரும் அவர் மனைவியும். ஐயாவுக்குத் தோள்பட்டை இறுகிப்போய், கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. மக்கில் மொண்டு ஊற்றிக்கொள்ள முடியாததால் தினமும் அம்மாதான் ஊற்றிவிடுவார். அதற்காகவே எங்கள் ஷவருக்கு ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

மாட்டி முடித்து ஸ்விட்சைப் போட்டேன். தட்டுத் தொட்டி நிறைந்தது. உடனே வால்வு திறந்து அத்தனையும் வடிகாலில் போனது. மறுபடி நிறைந்தது, மறுபடி போனது. குழாயில் காற்று மாட்டிக்கொண்டதோ என்று நினைத்து இன்னும் நான்கு தடவை ஓடவிட்டேன். ஆறாவது தடவையில்தான் உறைத்தது. சிறுவாணியின் டிடிஎஸ், அதாவது நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, எங்கள் மீட்டரில் நூறைக்கூடத் தொடாது. இந்த வீட்டுத் தண்ணீர் 1,400. எங்கள் சென்சாருக்கு, சம்ப்பிலிருந்து புதிதாக வரும் தண்ணீரே சோப்புத் தண்ணீராகத் தெரிந்திருக்கிறது. கிட்டத்தட்ட 40 லிட்டர். கீழே ஒரு குடத்துக்காக ஆட்கள் நின்றுகொண்டிருக்கும்போது, தண்ணீரை மிச்சப்படுத்த நான் செய்த இயந்திரம் அதைச் சாக்கடையில் கொட்டியது. அம்மா கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அன்று மத்தியானம் அவர்கள் வீட்டில் சாப்பிட உட்கார எனக்கு மனம் வரவில்லை.

தப்பு சென்சாரில் இல்லை, எங்கள் கேள்வியில் இருந்தது. ‘இந்தத் தண்ணீர் எவ்வளவு சுத்தம்?’ என்று கேட்கும்படி அதைச் செய்திருந்தோம். ‘வந்த தண்ணீருக்கும் விழுந்த தண்ணீருக்கும் எவ்வளவு வித்தியாசம்?’ என்று கேட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு குளியலின் தொடக்கத்திலும் வீட்டுத் தண்ணீரை முதலில் அளந்து, அதையே அடிப்படையாக வைத்துக்கொள்ளும்படி மாற்றினோம். உப்புத் தண்ணீரில் சோப்பு சேர்க்கும் வித்தியாசம் சின்னது என்பதால், கலங்கலை ஒளி பாய்ச்சிப் பார்க்கும் இன்னொரு சென்சாரும் சேர்ந்தது. கடினநீரில் சோப்பு நுரைக்காமல் திரிந்து வெள்ளையாக மிதக்கும், அது ஒளியை நன்றாக மறைக்கிறது. ஆக, எங்களைக் கவிழ்த்த உப்பே பிறகு உதவிக்கும் வந்தது. யுவி விளக்கைச் சுற்றியிருக்கும் குவார்ட்ஸ் குழாயில் சுண்ணாம்புப் படிவு ஏறும் தொல்லை மட்டும் கடைசி வரை போகவில்லை. மாதம் ஒருமுறை கழற்றி எலுமிச்சை உப்புக் கரைசலில் ஊறவைக்க வேண்டியிருந்தது.

மாற்றிய இயந்திரத்தோடு ஜூலை இரண்டாம் வாரம் மறுபடி போனேன். 12ஆம் தேதி, ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டரோடு முதல் தண்ணீர் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்ததை டிவியில் காட்டிக்கொண்டிருந்தார்கள். இந்தத் தடவை எல்லாம் சரியாக ஓடியது. வலையையும் ஃபில்டரையும் தாண்டி வந்த நீரை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து அம்மாவிடம் காட்டினேன். தெளிவாக இருந்தது. அவர் வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“தெளிவாத்தான் இருக்கு தம்பி. ஆனா மேல பட்டு விழுந்த தண்ணிய மறுபடி தலைல விட்டுக்கிட்டு, அதோடயே வெளிய வந்து சாமி விளக்கு ஏத்தறதா? மனசு ஒப்பல.”

நான் ஃபில்டரின் மைக்ரான் கணக்கைச் சொல்லத் தொடங்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பாதியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது, நான் சொல்வது அவர் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. அவரிடமே கேட்டேன்: “அம்மா, எப்படி இருந்தா ஒப்பும்?” அவர் யோசிக்கவே இல்லை. “கடைசியா ரெண்டு சொம்பு நல்ல தண்ணி. எங்கம்மா எங்களுக்கு அப்படித்தான் விடுவாங்க.”

3 லிட்டர். தண்ணீரை மிச்சம் பிடிக்கவென்றே கட்டிய இயந்திரத்தில், தேவையில்லாமல் 3 லிட்டர் புதுத் தண்ணீரா என்று எங்கள் குழுவில் இரண்டு நாள் வாக்குவாதம் நடந்தது. நான் அம்மா பக்கம் நின்றேன். அந்த 3 லிட்டரைக் கொடுக்காவிட்டால் இதை யாரும் தினமும் பயன்படுத்தப் போவதில்லை. அறிவியல்படியும் அது வீண் இல்லை. தோலில் மெல்லியதாக ஒட்டியிருக்கும் சோப்பையும் அது கழுவிவிடும். சுற்றிவரும் தண்ணீர் நின்று, புதுத் தண்ணீர் கொஞ்ச நேரம் விழுந்து, பிறகு எல்லாம் வடியும்படி வைத்தோம். அது தொடங்கும்போது ஒரு பச்சை விளக்கு எரியும். அந்த விளக்கைக் கேட்டதும் அம்மாதான். ‘இப்ப விழறது புதுசு’ என்று குளிப்பவருக்குத் தெரிய வேண்டுமாம்.

வெள்ளிக்கிழமை அடுத்த பாடம். நல்லெண்ணெய் தேய்த்து, சீயக்காய்த்தூள் போட்டுத் தலை முழுகினால் எந்த ஃபில்டரும் தாங்காது. சீயக்காய் குழைந்து வலையில் அப்பிக்கொள்ளும், எண்ணெய் உள்ளே படலமாகப் படியும், மறுநாள் திறந்தால் சிக்கு வாடை அடிக்கும். அதற்கு மேலும் நல்ல ஃபில்டர் தேடி ஒரு மாதம் வீணாக்கினேன். கடைசியில் ஒரு பொத்தான் வைத்தோம். அழுத்தினால் இயந்திரம் ஒதுங்கிக்கொள்ளும், சாதாரண ஷவராகத் தண்ணீர் நேரே போகும். வரைபடத்தில் அதற்கு வேறு பெயர். பட்டறையில் எல்லோருக்கும் அது ‘வெள்ளிக்கிழமைப் பொத்தான்’.

ஒன்றை ஒளிக்காமல் எழுத வேண்டும். வாளியில் மொண்டு குளிப்பவருக்கு 20 லிட்டர் போதும், மின்சாரமும் எங்கள் ஷவரைவிடக் குறைவாகவே ஆகும். நம் வீடுகளில் பழகிவந்த வாளியும் மக்கும் அருமையான ஏற்பாடு, அதோடு போட்டி போட எங்கள் இயந்திரத்துக்கு வேலையே இல்லை. அது ஐயாவுக்கானது. ஸ்டூலில் உட்கார்ந்து, கையைத் தூக்காமல், யாருடைய உதவியும் இல்லாமல், பத்து நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீர் தோளில் விழ அவர் குளித்தார். முதல் நாள் குளித்து முடித்துத் தலையைத் துவட்டிக்கொண்டே வெளியே வந்தபோது அவர் முகத்தை நான் பார்த்தேன். ஆனால் தட்டுத் தொட்டிக்காகத் தரையை 12 செ.மீ. உயர்த்தியிருந்தோம். அந்தப் படியில் ஏற அவருக்கு அம்மாவின் தோள் வேண்டியிருந்தது. பம்பைச் சுவர்ப் பக்கம் நகர்த்தி 7 செ.மீ. வரை குறைத்தோம். அதற்கும் கீழே கொண்டுபோக எங்களால் முடியவில்லை.

இயந்திரம் விற்பனைக்குப் போகவில்லை. எவ்வளவு இழுத்துப் பிடித்தும் ஒரு நல்ல ஃபிரிட்ஜின் விலைக்குக் கீழே அது இறங்கவில்லை. வருடா வருடம் விளக்கு மாற்றும் செலவு வேறு. நிறுத்தச் சொன்னபோது எனக்கு வருத்தம்தான், ஆனால் அந்த முடிவு தப்பு என்று சொல்ல மாட்டேன்.

அப்புறம் கோத்தகிரியில் ஒரு விருந்தினர் விடுதிக்கு வேறு வேலையாகப் போனோம். குளிரில் குழாய்த் தண்ணீர் 14 டிகிரி. மாடிக் குளியலறைகளின் கழிவுநீர் எல்லாம் ஒரே செங்குத்துக் குழாயில் இறங்குகிறது. பழைய தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்தேன், 34. இங்கே சுத்தம் செய்யவே வேண்டாம், சூட்டை மட்டும் திருப்பி எடுத்தால் போதும் என்று தோன்றியது. அந்தக் குழாயில் ஒன்றரை மீட்டர் நீளத்தை வெட்டி எடுத்துவிட்டுச் செம்புக் குழாய் போட்டோம். அதன் மேல் சின்னச் செம்புக் குழாயை இடைவெளியில்லாமல் சுருளாகச் சுற்றி, கீசருக்கும் ஷவருக்கும் போகும் குளிர்ந்த நீரை அதன் வழியாக அனுப்பினோம். செங்குத்துக் குழாயில் இறங்கும் நீர் நடுவில் கொட்டாது, மெல்லிய படலமாக உட்சுவரை ஒட்டியே வழியும். அதனால் சூடு செம்புக்கு நன்றாக ஏறும். பம்ப் இல்லை, விளக்கு இல்லை, சென்சார் இல்லை. இரண்டு நீரும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை என்பதால் யாருடைய மனமும் ஒப்ப வேண்டிய கேள்வியே எழவில்லை.

காலை ஆறரை மணிக்கு மாடியில் ஷவர்கள் ஓடத் தொடங்கியதும் கீழே நின்று சுருளைத் தொட்டுப் பார்த்தேன். கீழ் முனை சில்லென்று இருந்தது. கையை மேலே நகர்த்த நகர்த்த வெதுவெதுப்பு ஏறியது. மேல்முனையில் தெர்மாமீட்டர் 22 காட்டியது.