வாடகைக்கு வந்த ஜெராக்ஸ்

தாலுகா அலுவலகத்துக்கு எதிரே உள்ள கடையில் சான்றிதழைக் கொடுத்து "இரண்டு ஜெராக்ஸ்" என்று கேட்கும்போது, அது ஒரு நிறுவனத்தின் பெயர் என்ற நினைவே நமக்கு வருவதில்லை. அந்தப் பெயர் இப்படித் தெருச்சொல்லாகிப் போனதற்குக் கண்டுபிடிப்பின் அருமையைக் காட்டிலும் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்த முறையே பெரிய காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஒரு நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவில் வேலை பார்த்த செஸ்டர் கார்ல்சன், ஆவணங்களுக்குப் படி எடுப்பதில் இருந்த தொல்லையை நாள்தோறும் அனுபவித்தவர். 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியாவில், உதவியாளர் ஓட்டோ கோர்னெயுடன் சேர்ந்து, கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைத் துணியால் தேய்த்து மின்னேற்றி, எழுத்துள்ள கண்ணாடியை அதன்மேல் வைத்து ஒளி பாய்ச்சி, பொடி தூவி, மெழுகுத்தாளில் ஒற்றி முதல் நகலை எடுத்தார். ஐபிஎம், ஜெனரல் எலெக்ட்ரிக் உட்பட இருபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அதில் அக்கறை காட்டவில்லை. 1944இல் பேட்டல் ஆய்வு நிறுவனமும், அதன் பிறகு ரோச்செஸ்டர் நகரில் ஒளிப்படத்தாள் தயாரித்துவந்த ஹலாய்டு நிறுவனமும்தான் கைகொடுத்தன.

ஹலாய்டு 1949இல் வெளியிட்ட முதல் கருவியில் ஒவ்வொரு நகலுக்கும் கையால் பல வேலைகளைச் செய்ய வேண்டியிருந்ததால், அலுவலகங்கள் அதை ஏற்கவில்லை. ஆனால் ஆஃப்செட் அச்சுக்கான மூலப்பிரதி தயாரிக்க அது நன்றாகப் பயன்பட்டது. எதிர்பாராத இடத்திலிருந்து வந்த அந்த வருமானம், அடுத்த பத்தாண்டு ஆராய்ச்சி நின்றுபோகாமல் இருக்க உதவியது. இந்தக் கதையில் என்னை மிகவும் கவர்ந்த கட்டம் இதுதான்.

1959 செப்டம்பரில் 914 என்ற இயந்திரம் வந்தது. 9 அங்குல அகலமும் 14 அங்குல நீளமும் கொண்ட தாள் வரை நகலெடுக்கும் என்பதால் அந்தப் பெயர். சாதாரணத் தாளிலேயே நகல் எடுத்தாலும், ஏறத்தாழ 300 கிலோ எடையுள்ள அதை யார் அவ்வளவு விலை கொடுத்து வாங்குவார்கள் என்ற கேள்வி இருந்தது. இதற்குச் சந்தை இல்லை என்றே ஐபிஎம்முக்கு ஆலோசகர்கள் அறிக்கை கொடுத்தார்கள். ஹலாய்டின் தலைவர் ஜோசப் வில்சன் விலையை வாங்குபவரின் தலையில் ஏற்றாமல், மாதம் 95 டாலர் வாடகை, முதல் 2,000 நகல்கள் அதற்குள் அடக்கம், அதற்கு மேல் எடுப்பதற்கு நகலுக்குச் சில சென்ட் என்று வகுத்தார்; வேண்டாமென்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். பழுதும் நட்டமும் நிறுவனத்தின் பொறுப்பாயின. சூட்டில் தாள் பற்றிக்கொள்ளக்கூடும் என்பதால் சிறிய தீயணைப்பான் ஒன்றையும் சேர்த்தே அனுப்பிய நிலையிலும், அலுவலகங்கள் அந்த இயந்திரத்தைத் தயங்காமல் ஏற்றன. எதிர்பார்த்ததைவிடப் பன்மடங்கு நகல் எடுக்கப்பட்டதால், உண்மையான வருமானம் வாடகைக்கு மேலே ஓடிய அந்தச் சென்டுகளில் குவிந்தது. 1961இல் நிறுவனம் தன் பெயரையே ஜெராக்ஸ் என்று மாற்றிக்கொண்டது.

எங்கள் தாலுகா அலுவலகக் கடைக்காரரும் இயந்திரத்தை வாடகைக்குத்தான் எடுத்திருக்கிறார். மாதக் கடைசியில் எத்தனை நகல் ஓடியிருக்கிறது என்று மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொள்ள ஓர் ஆள் வந்து போகிறார்.