மெக்கானிக்ஸ் ட்யூட்டோரியல்: ஒரு செமஸ்டர் நாட்குறிப்பு

ஆகஸ்ட் 18, திங்கள்

இந்த முறையும் முதலாமாண்டு மெக்கானிக்ஸ் ட்யூட்டோரியல் என் தலையில்தான். பாடம் நடத்துவது பேராசிரியர். உட்கார வைத்துக் கணக்குப் போட வைப்பது மூன்றாமாண்டுக்காரியான என் வேலை.

சாய்தளத்தில் ஒரு கட்டை, அது வழுக்குமா வழுக்காதா என்று கேட்டிருந்தேன். அரை நிமிடத்தில் கடைசி பெஞ்சிலிருந்து குரல்: "அக்கா, இதுக்கு எந்த ஃபார்முலா?" அவனைக் குறை சொல்ல மாட்டேன். பள்ளியில் கணக்கு எப்போதும் நறுக்கித்தான் கைக்கு வரும். எதைப் பார்க்க வேண்டும், எதை விட வேண்டும் என்பதை வேறு யாரோ முடிவு செய்திருப்பார்கள். இங்கே அந்த நறுக்கும் வேலைதான் பாடமே. சிலபஸில் மட்டும் அதற்கு ஒரு வரிகூட இருக்காது.

ஆகஸ்ட் 22

ஏணி. இந்த ஒரு கணக்கிலேயே ஒரு மணி நேரமும் போனது, போகட்டும்.

வழுவழுப்பான சுவர், சொரசொரப்பான தரை, 60 டிகிரியில் சாய்ந்து நிற்கும் ஏணி. வழுக்காமல் நிற்க மியூ, அதாவது தரையின் உராய்வுக் கெழு, குறைந்தது எவ்வளவு இருக்க வேண்டும்? ஃப்ரீ பாடி டயகிராம், அதாவது பொருளை மட்டும் தனியாக எடுத்து அதன் மேலுள்ள விசைகளைக் காட்டும் படம், போடச் சொன்னேன். பாதிப் பேர் சுவர், தரை, ஏணி மூன்றையும் அழகாக வரைந்து ஷேடிங் வரை செய்திருந்தார்கள். ஒருத்தியிடம் "சுவரை அழி" என்றேன். "அழிச்சா ஏணி விழுந்துடுமே அக்கா!"

வகுப்பே சிரித்தது. ஆனால் அவள் விஷயத்துக்கு மிகப் பக்கத்தில் வந்துவிட்டாள். விழக் கூடாது என்றால் சுவர் என்ன செய்துகொண்டிருந்ததோ அதை ஓர் அம்புக்குறியாகப் போட்டுவிட்டுச் சுவரை அழிக்க வேண்டும். தரைக்கும் அப்படியே. கடைசியில் மிஞ்சுவது ஒரு கோடும் நான்கு அம்புகளும்: நடுவில் எடை, அடியில் தரை செங்குத்தாக மேலே தள்ளும் நார்மல், அடியிலேயே சுவரை நோக்கி ஃப்ரிக்‌ஷன் எனும் உராய்வு, உச்சியில் சுவர் தள்ளும் விசை. சுவர் வழுவழுப்பு என்பதால் அங்கே ஃப்ரிக்‌ஷன் கிடையாது. ஆனாலும் பழக்கதோஷத்தில் ஐந்தாவது அம்பு போட்டவர்கள் உண்டு.

அடிப்புள்ளியில் மொமென்ட், அதாவது விசைகளின் சுழற்றும் விளைவு, எடுத்தால் அங்கிருக்கும் இரண்டு விசைகளும் கழன்றுவிடும். மியூ வருவது, ஒன்றை டேன் 60-இன் இரு மடங்கால் வகுத்தால் கிடைக்கும் 0.29. "ஏணியோட நீளமும் எடையும் கொடுக்கவே இல்லையே, கேள்வியே தப்பு" என்று கடைசி வரை வாதாடிக்கொண்டிருந்தவன் இரண்டும் அடிபட்டுப் போனதைப் பார்த்து அமைதியானான்.

ஆகஸ்ட் 29

இன்று மெக்கானிக்ஸ் நடக்கவில்லை. கெமிஸ்ட்ரியில் அக ஆற்றல் மாற்றம் என்றால் வெப்பம் கூட்டல் வேலை. தெர்மோ (தெர்மோடைனமிக்ஸ், வெப்ப இயக்கவியல்) வகுப்பில் வெப்பம் கழித்தல் வேலை. ஒரே விதி, இரண்டு போர்டில் இரண்டு குறி. எது சரி என்று கேட்டுக் கூட்டமாக வந்துவிட்டார்கள்.

இரண்டும் சரிதான். வாயு 100 ஜூல் வெப்பம் வாங்கிக்கொண்டு 40 ஜூல் வேலை செய்கிறது. கெமிஸ்ட்ரியில் வாயுவின் மீது செய்யப்படும் வேலைதான் பாசிட்டிவ். அதனால் இது மைனஸ் 40, கூட்டினால் 60. தெர்மோ எஞ்சின்காரர்களின் பாடம். வெளியே கிடைக்கும் வேலைக்காகத்தான் எஞ்சினே, அதனால் அவர்களுக்கு அதுதான் பாசிட்டிவ். 100-இல் 40-ஐக் கழித்தால் அதே 60. இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். இரண்டு வகுப்பிலும் யாரும் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு எரிச்சல்.

செப்டம்பர் 4

மேத்ஸில் சீரிஸ் ஆரம்பம். உறுப்புகள் பூஜ்ஜியத்தை நோக்கிப் போனால் கூட்டுத்தொகை எங்கேயாவது நிற்கும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். 1, அரை, மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று என்று கூட்டிப் பாருங்கள் என்றேன். 10-ஐத் தாண்ட 12,367 உறுப்புகள் வேண்டும். ஆனால் தாண்டும், எந்த எண்ணைச் சொன்னாலும் தாண்டும். ஒருவன் லேப்டாப்பில் ப்ரோக்ராமே எழுதி ஓட்டினான்.

செப்டம்பர் 11

கிராபிக்ஸ், அதாவது இன்ஜினியரிங் வரைபடப் பாடத்தின் ஷீட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மேத்ஸில் முதலில் நிற்பவர்கள் இங்கே திணறுகிறார்கள். என் வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன், கூம்பை வெட்டிய முகத்தை ஒரே மூச்சில் வரைந்து காட்டினான். வெட்டும் தளம் கூம்பின் சாய்கோட்டுக்கு இணையாக இருந்தால் பரவளையம் என்று அவனுக்கு யாரும் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை.

முப்பரிமாணப் பொருளைத் தாளில் வரையும் இந்த முறையை உருவாக்கிய கஸ்பார் மோன்ஜ் 18-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுக்காரர். கோட்டை வடிவமைப்புக்குப் பயன்பட்டதால் ராணுவம் இதை ரகசியமாக வைத்திருந்தது, 1795-இல்தான் பொதுவில் பாடமாக நடத்த முடிந்தது. இதைக் கேட்டதும், "ரகசியமாவே இருந்திருக்கலாம்" என்றாள் ஒருத்தி.

செப்டம்பர் 19

இன்டர்னல் மார்க் வந்துவிட்டது. மெக்கானிக்ஸ் ஒரு வடிகட்டி பேப்பர் என்று சீனியர்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அந்தப் பெருமை எனக்குப் பிடிக்காது. பாதிக் கஷ்டம் பாடத்தில் இல்லை, வரிசையில் இருக்கிறது. சர்க்யூட் வகுப்பில் கெப்பாசிட்டர் (மின்னூட்டத்தைச் சேமிக்கும் பாகம்) சார்ஜ் ஆவது வந்துவிட்டது. அதற்கு வேண்டிய டிஃபரன்ஷியல் ஈக்வேஷன் மேத்ஸ் சிலபஸின் கடைசியில் இருக்கிறது. அதனால் "ஒரு டைம் கான்ஸ்டன்ட்டில் 63.2 சதவீதம்" என்று மனப்பாடம் செய்கிறார்கள் (டைம் கான்ஸ்டன்ட் என்பது அந்த சர்க்யூட் நிரம்பும் வேகத்தைச் சொல்லும் ஒரு நேர அளவு). மிச்சம் எவ்வளவு இருக்கிறதோ அதற்கேற்ற வேகத்தில்தான் நிரம்பும், நிரம்ப நிரம்ப வேகம் குறையும், அதிலிருந்து பிறப்பதுதான் அந்த 63.2 என்று சொன்னேன். இரண்டு பேர் குறித்துக்கொண்டார்கள்.

செப்டம்பர் 26

மறுபடி ஏணி, இப்போது ஆளோடு. ஏணி 20 கிலோ, ஆள் 60 கிலோ, அதே 60 டிகிரி. ஆள் உச்சியில் நின்றால் மியூ 0.51 வேண்டும். தரையில் கிடைப்பது 0.4 என்றால் எதுவரை ஏறலாம்? முக்கால் ஏணி வரை என்று விடை வந்தது.

நான் எதிர்பார்க்காத ஒன்றையும் கண்டுபிடித்தார்கள். ஆள் அடிப்படியில் நிற்கும்போது தேவைப்படுவது வெறும் 0.07, வெற்று ஏணிக்கு வேண்டியதைவிடக் குறைவு. நடுவில் நின்றால் அதே 0.29. நடுவைத் தாண்டியபின்தான் ஆபத்து.

ஆளும் ஏணியும் சேர்ந்து ஒரே பாடியா, தனித்தனியா என்று சண்டை. தனித்தனியாகப் போட்டால் பாதம் அழுத்தும் விசை இரண்டு படத்திலும் எதிரெதிராக வரும், சேர்த்துப் போட்டால் அது காணாமல் போய்விடும். விடை மாறாது. இரண்டையும் போட்டுப் பார்க்கச் சொன்னேன்.

மணியடிக்கும் நேரத்தில் ஒரு கேள்வி: "கீழே ஒருத்தர் ஏணிக் காலைப் பிடிச்சுக்கிட்டா?" அந்தக் கையை எத்தனை அம்பாகப் போடுவது என்று அவர்களே முடிவு செய்து அடுத்த வாரம் வரைந்துகொண்டு வரட்டும்.