அழட்டும் பிள்ளை

"கலியாண வீட்டிலயே எல்லாரையும் வெட்டிப் போட்டாங்கள் பெரியம்மா!"

பெறாமகள் புட்டுக் கோப்பையோடு விம்மி விம்மி அழுகிறாள். விரல்களில் சம்பல் காய்ந்து ஒட்டியிருக்கிறது. கை கழுவக்கூட எழும்பவில்லை.

அவள் பார்த்தது கேம் ஒப் த்ரோன்ஸ் என்ற ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடர், மூன்றாம் சீசனின் ஒன்பதாவது பகுதி.

2013 யூனில் இது வந்தபோதும் ஊர் உலகமெல்லாம் இப்படித்தான் அழுதது. இந்தக் கதையை 2000இலேயே வந்த மூல நாவலில் படித்தவர்கள் வாயே திறக்காமல் இருந்து, நண்பர்கள் கதறுவதைப் படம்பிடித்து யூடியூபில் போட்டார்கள்.

அந்தத் தொடருக்குச் சாவு புதிதில்லை. கதாநாயகன் என்று நாங்கள் நினைத்த நெட் ஸ்டார்க்கின் தலை முதல் சீசனிலேயே போய்விட்டது. ஆனால் இது வேறு. பாணும் உப்பும் கொடுத்து உள்ளே கூப்பிட்ட விருந்தாளிகளை வீட்டுக்காரனே கொல்கிறான். வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்பாத எங்களுக்கு அது நெஞ்சில் குத்தாமல் என்ன செய்யும்?

"படத்துக்குப் போய் அழுறியே" என்று தங்கச்சி அவளை அதட்டினாள். எனக்குப் பொறுக்கவில்லை.

காத்தவராயன் கூத்தில் கழுமரம் ஏறும் கட்டம் வந்தால் எங்கள் அம்மம்மா அழாமல் வீடு திரும்பியதில்லை. முடிவு தெரிந்த கதைக்கே அப்படி. இவளுக்கு முடிவும் தெரியாதே!

அழட்டும், விடு என்றேன்.

அடுத்த பகுதியை நாளைக்கு நானும் அவளோடு இருந்து பார்க்கப் போகிறேன்.